கீழ்வீட்டார் சம்மதம்

மலைநாட்டிலே வீடு கட்டுகிறவர்களிடையே ஓர் அபிப்பிராயம் வெகுகாலமாக வேரூன்றிப் போயிருக்கிறது. வீடு கட்டுவதற்கு அனுமதி வாங்கியாக வேண்டும் என்பதை, முணுமுணுத்துக்கொண்டாவது, எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்; ஆனால் அந்த வீட்டு மனையின் விளிம்பில் மண் சரியாதிருக்கும் பொருட்டு ஒரு தடுப்புச்சுவர் எழுப்புவதற்கும் வரைபடம் கொடுத்து, கட்டணம் செலுத்தி, முத்திரை விழும் வரையில் நகராட்சியின் வாசற்படியில் காத்துக் கிடக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அதை அக்கிரமம் என்றே கருதுகிறார்கள். "மண் என்னுடையது, கல் என்னுடையது, கூலி கொடுப்பவனும் நான், சரியாமல் இருக்கத்தானே கட்டுகிறேன்? நல்ல காரியம் செய்ய யாரைக் கேட்க வேண்டும்?" என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். குன்னூர் மார்க்கெட்டிலே உருளைக்கிழங்கு மூட்டை இறக்குகிறவர் முதல் உதகையிலே நீதிமன்றத்துக்குப் போய் வருகிற வக்கீல் வரையில் இதைச் சொல்லாதவர் இல்லை.

சில வருஷங்களுக்கு முன்புவரை நானும் இந்தக் கட்சியில் இருந்தவன்தான். இருந்ததோடு நில்லாமல், அந்தக் கொள்கைப்படி ஒரு சுவரையும் கட்டி முடித்தவன். ஆகையால் நான் செய்யப் புகும் மறுப்பு, வெளியே நின்று கல்லெறிகிறவனுடைய மறுப்பு அன்று. வாதத்தை அதன் வலுவான உருவத்திலேயே எனக்குத் தெரியும்; அது எந்த இடத்தில் வயிறு தள்ளுகிறது என்பதும் தெரியும்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சுவர் என்ற ஒரே பெயரால் வழங்குவதனாலேயே இரண்டு வெவ்வேறு பொருள்களை நாம் ஒன்றென்று மயங்குகிறோம். காம்பவுண்டுச் சுவர் தன் பாரத்தைத் தானே சுமந்துகொண்டு நிற்பது. காற்றைத் தவிர அதன்மேல் சாய்வது ஒன்றும் இல்லை. தடுப்புச்சுவரோ, தன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் மண் முழுவதையும் இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருப்பது. அதனால்தான் பொறியாளர்கள் அதைத் தாங்குசுவர் என்று சரியான பெயரிட்டு அழைக்கிறார்கள். மண்ணின் நெருக்குதல் ஆழம் அதிகரிக்க அதிகரிக்கக் கூடிக்கொண்டே போவது. ஆகவே சுவரின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அதைத் தள்ளும் விசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. அதை அடியோடு கவிழ்த்துவிடப் பார்க்கும் திருப்புவலிமையோ எட்டு மடங்காகிறது. 5 அடியில் நன்றாக நின்ற கட்டுமானத்தை அப்படியே 10 அடிக்கு உயர்த்திவிட்டு, "அஸ்திவாரத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தியிருக்கிறோம்" என்று திருப்திப்படுகிற மேஸ்திரி, எட்டுப் பங்கு வேலையை ஒன்றரைப் பங்கு கூலிக்குச் செய்யும்படி சுவருக்கு உத்தரவிடுகிறார். சுவர் உத்தரவுக்குக் கீழ்ப்படிவதாகச் சில காலம் பாவனை செய்கிறது, அவ்வளவுதான்.

அதிலும் மண் மாத்திரமே பகையாக இருந்தால் சமாளித்துவிடலாம். ஏறக்குறைய 10 அடி, அதாவது 3 மீட்டர் உயரமுள்ள ஒரு சுவரை எடுத்துக்கொண்டால், உலர்ந்த மணற்பாங்கான மண் அதன் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மேலும் சுமார் 2¾ டன் அளவுக்குச் சாய்கிறது. அதே மண்ணில் நீர் முழுவதும் நிரம்பி வெளியேற வழியில்லாமல் நின்றுவிட்டால், சாயும் பாரம் 5½ டன்னைத் தாண்டிவிடுகிறது. அதாவது, ஒரு கல்லைக்கூட அசைக்காமல், ஒரு கூடை மண்ணைக்கூடப் புதிதாகக் கொட்டாமல், ஒரே இரவு மழை சுவரின் சுமையை இரட்டித்துவிடுகிறது. நமது மலையிலே அப்படிப்பட்ட இரவுகள் அபூர்வம் அல்ல. 2009ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் கேத்தியிலே ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையின் சரிவுகளில் இம்மாவட்டத்திலே நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மண்ணுக்குள் போயின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலே 24 மணி நேரத்தில் பதிவான மழை 91 சென்டிமீட்டர். சார்னோகைட் பாறை யுகயுகாந்தரமாகச் சிதைந்து உண்டான நம்முடைய செம்மண், கோடையிலே கல்லைப் போல நிற்பது, இந்த மழைக்குப் பிறகு பிசைந்த மாவாகிவிடுகிறது. கோடையிலே மண்ணைப் பார்த்துச் சுவரின் கனத்தைத் தீர்மானிக்கிறவர்கள், அதன் சாது சுபாவத்தை மாத்திரமே அறிந்தவர்கள்.

இந்த நீருக்கு வழி விடுவதற்காகத்தான் சுவரிலே இடையிடையே குழாய்த் துளைகள் வைப்பதும், அவற்றின் பின்புறத்தில் மண்ணை நேரே கொட்டாமல் ஜல்லியும் உடைகல்லுமாக ஒரு வடிகட்டி அமைப்பதும். எத்தனையோ சுவர்களில் ஜல்லியே இருப்பதில்லை. அது வெளியிலே தெரியாத செலவு. வெளியிலே தெரியாத செலவைக் குறைப்பதிலே நமக்கு ஈடு யாரும் இல்லை.

என் சுவரின் கதைக்கு வருகிறேன். குன்னூர்ப் பக்கத்தில் சரிவான ஒரு மனையில், முன்பக்கத்து விளிம்பிலே கருங்கல் கட்டி, உட்புறம் மண் நிரப்பி, மட்டமான ஒரு முற்றம் செய்துகொண்டேன். அனுமதிக்காக வீட்டு வரைபடம் கொடுத்தபோது, அந்தச் சுவர் அதிலே ஒரே ஒரு கோடாக இருந்தது; அந்தக் கோடு எத்தனை அடி உயரம், எவ்வளவு அகல அஸ்திவாரம், நீர் எங்கே போகிறது என்று எந்த அலுவலகமும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கட்டின மேஸ்திரி நல்ல மனிதர். பதினோரு குழாய்கள் வைத்துவிட்டுப் போனார். மறுவருஷம் சுவருக்கு வெள்ளையடித்தபோது, குழாய்களின் கீழே செம்மண் வடிந்து நாக்கு நாக்காகக் கறை படிந்திருந்தது கண்ணுக்கு உறுத்தியது. வர்ணம் பூச வந்தவரிடம் அந்தத் துளைகளைச் சிமெண்டு வைத்துப் பூசி அடைத்துவிடச் சொன்னவன் நானே. இரண்டு வருஷம் சுவர் பளிங்கு போல இருந்தது. மூன்றாம் வருஷம் ஐப்பசி மழையில், சுவரின் நடுப்பாகம் முன்னால் வந்துவிட்டாற்போல ஒரு சந்தேகம் தோன்றியது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். மேலேயிருந்து நாலடி வரையில் நூல் சுவரை விட்டு விலகித் தொங்கியது. அதற்குக் கீழே சுவரே முன்வந்து நூலைத் தள்ளிக்கொண்டு நின்றது. கொத்தனார்கள் இதைத்தான் வயிறு தள்ளுவது என்கிறார்கள்.

அப்போதுதான் கீழ்வீட்டு அம்மாள் பேசினார். என் முற்றத்துக்கு நேர்க்கீழே, சுவரின் அடியிலிருந்து ஆறடி தள்ளி, அவருடைய தகரக் கூரை வீட்டின் சமையற்கட்டு இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். என் சுவர் எழும்பிய நாளில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைக் கண்டு மேலே ஏறி வந்து, "சார், கோவிச்சுக்காதீங்க, உங்க சுவரு ரெண்டு வருஷமா எங்க அடுப்படியைத்தான் பாத்துக்கிட்டு நிக்குது. மழை கொட்டற ராத்திரி பிள்ளைங்களை முன்னறையிலேதான் படுக்க வைக்கிறேன்" என்றார்.

"ஏன் அம்மா இதை அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"எங்கிட்ட யாரு சார் கேட்டாங்க?"

அனுமதியைப் பற்றிய என் அபிப்பிராயம் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் தலைகீழாயிற்று. தடுப்புச்சுவர் விழுந்தால் கட்டினவன் மேல் விழுவதில்லை. அது வெளிப்புறமாக, கீழ்நோக்கி, பிறன் வீட்டின்மேல் விழுகிறது. கட்டினவன் காலையில் எழுந்து முற்றத்திலே ஒரு குழியைக் காண்பான். கீழே இருக்கிறவன் எழுந்திருக்கவே மாட்டான். உலகத்திலே மற்றக் கட்டடங்கள் எல்லாம் தவறினால் முதலில் தம்முள் வசிக்கிறவனைத் தண்டிக்கின்றன. கஞ்சத்தனம் செய்து கூரை போட்டவன் தலையிலேதான் அந்தக் கூரை இறங்குகிறது. தடுப்புச்சுவர் ஒன்றிலேதான் லாபம் மேலே இருப்பவனுக்கும் அபாயம் கீழே இருப்பவனுக்குமாக இப்படிச் சுத்தமாகப் பிரிந்து கிடக்கிறது. இப்படிப் பிரிந்து கிடக்கும் இடத்தில், "என் நிலம், என் இஷ்டம்" என்பது சொத்துரிமையின் பாஷையே அன்று; அது பிறனுடைய பிராணனைப் பிணையாக வைத்துச் செய்யும் வியாபாரத்தின் பாஷை. அனுமதி என்பது கட்டுகிறவனுக்கு அரசாங்கம் தரும் பிச்சை என்று நினைத்திருந்தேன். அது கேட்கப்படாத கீழ்வீட்டாருக்காக மூன்றாவது ஒருவர் கேட்கும் கேள்வி என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

நிலத்தின் மீது தமக்குள்ள பூரண சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், சட்டமும் தங்கள் பக்கம் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். அது பெரிய மயக்கம். வெள்ளைக்காரர் காலத்தில், 1882ஆம் வருஷத்திலே பிறந்து, முதன்முதலில் சென்னை ராஜதானியை உள்ளிட்ட சில பகுதிகளுக்கு மாத்திரம் செல்லுபடியான இந்திய ஈஸ்மென்ட் சட்டத்தின் ஏழாவது பிரிவு இதைப் பற்றி வெகு தெளிவாகப் பேசுகிறது. ஒவ்வொரு நிலத்துக்கும், அது இயற்கை நிலையில் இருக்கும் வரையில், பக்கத்து நிலத்தின் மண்ணும் அடியிலுள்ள மண்ணும் இயற்கையாகக் கொடுத்துவரும் ஆதாரத்தைப் பெறும் உரிமை உண்டு என்பது அதன் உதாரணங்களில் ஒன்று. இயற்கை நிலை என்றால் என்ன என்பதையும் அதே சட்டம் சொல்லிவிடுகிறது: தோண்டப்படாத, செயற்கையான பாரம் ஏற்றப்படாத நிலம். மேலே விழும் மழைநீர் தன் இயல்பின்படி கீழ்நிலத்துக்கு இறங்குவதைக் கீழ்நிலத்தான் தடுக்கக்கூடாது என்பதும் அங்கேயே இருக்கிறது. இவை மூன்றையும் சேர்த்து வாசித்தால் விளங்குவது என்னவென்றால், இயற்கை நிலையிலுள்ள சரிவைப் பொறுத்தவரையில் மேலவனும் கீழவனும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டே இருக்கக் கடமைப்பட்டவர்கள். அந்தச் சரிவை வெட்டி, நிரப்பி, சுவரெழுப்பிய கணத்திலேயே இயற்கை கொடுத்த பாத்தியதையை விட்டு வெளியேறிச் சொந்தப் பொறுப்பில் நிற்கிறார்கள். அந்த எல்லைக்கு வெளியே கால் வைத்தபின், தனக்குள்ள ஏகபோக உரிமையைப் பற்றிப் பிரசங்கம் செய்வது எப்படிப் பொருந்தும்?

சட்டப் புத்தகம் வேண்டாம் என்றால் மேட்டுப்பாளையத்துக்குப் போகலாம். 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடிவதற்கு முன்னே, நடூரிலே, மேலேயிருந்த ஒரு வீட்டின் உயரமான சுற்றுச்சுவர் மழையில் ஊறிச் சாய்ந்து, அடியிலிருந்த ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது; உறக்கத்திலேயே 17 பேர் மாண்டார்கள். அந்தச் சுவரைப் பற்றிக் கீழே வசித்தவர்கள் முன்னமே பயந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று பத்திரிகைகள் பின்னர் எழுதின. கீழே இருந்தவர்கள் யார், எந்த ஜாதியார் என்பதையும், மேலே இருந்தவர் எத்தகைய வசதி படைத்தவர் என்பதையும் தமிழ்நாடு அறியும். சரிவிலே மேல் கீழ் என்பது பெரும்பாலும் சமூகத்திலும் மேல் கீழ் என்பதாகவே அமைந்துவிடுகிறது. அது மண்ணைத் தாங்கக் கட்டிய சுவர் அன்று, சுற்றுச்சுவர்தானே என்று யாராவது சமாதானம் சொல்வார்களானால், என் வாதம் இன்னும் பலமாகிறது. வெறும் சுற்றுச்சுவரே இவ்வளவு செய்யுமானால், டன் கணக்கில் மண்ணை முதுகில் சுமக்கிற சுவரை யாரும் பாராமல் விடுவதற்கு நியாயம் எங்கே?

இன்னொரு சம்பவத்தை இங்கே சொல்லாமல் தாண்டக் கூடாது. 2024 பிப்ரவரி 7ஆம் தேதி, உதகைக்கு அருகே லவ்டேலில், ஒரு வீட்டுக்காகத் தடுப்புச்சுவர் எழுப்பும் பொருட்டு மண் வெட்டிக்கொண்டிருந்த வேளையில், மேலே நின்ற பழைய கட்டடத்தோடு மண் சரிந்து, கூலி வேலைக்கு வந்திருந்த 6 பெண்கள் மாண்டார்கள். மழைக்காலம் அன்று, பட்டப்பகல். சுவர் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும். சுவர் கட்டுவதற்காக வெட்டியதுதான் கொன்றது. சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டி, நீளம் முழுவதையும் ஒரே மூச்சில் திறந்துவிட்டு, பிறகு சாவகாசமாகக் கல் அடுக்குவது நம் ஊர் வழக்கம். பகுதி பகுதியாக வெட்டி, வெட்டின பகுதியைக் கட்டி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுவது முறை. இந்த முறையை எழுதிக் கையில் கொடுத்து, அப்படித்தான் நடக்கிறதா என்று வந்து பார்க்க ஒருவர் வேண்டாமா? அவர் வருவது நமக்குத் தொந்தரவு என்றால், அந்த 6 பெண்களின் வீட்டாரிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

எதிர்க்கட்சியாருடைய ஆயுதசாலையிலே மிகவும் மரியாதைக்குரியது பாட்டன் காலத்துச் சுவர். "எங்கள் தாத்தா எந்த இஞ்சினீயரைக் கேட்டார்? அவர் அடுக்கின கல் இன்றும் நிற்கிறது" என்கிறார்கள். நிற்கிறது என்பது உண்மை. அதை மனப்பூர்வமாக வணங்குகிறேன். ஆனால் தாத்தா அடுக்கினது சிமெண்டு தொடாத வெறுங்கல். ஒவ்வொரு இடுக்கிலும் நீர் தாராளமாகக் கசிந்து வெளியேறும். அந்தச் சுவர் முழுவதுமே குழாய்த் துளைதான். அவர் அதை உட்பக்கமாகச் சாய்த்துக் கட்டினார். இடுப்பளவு, மிஞ்சினால் மார்பளவு உயர்ந்ததும் நிறுத்திவிட்டு, ஒரு படி பின்வாங்கி அடுத்ததை ஆரம்பித்தார். மேலே நிறுத்தியது இரண்டு முட்டைக்கோஸ் பாத்திகளே ஒழிய இரண்டு மாடி வீட்டையும் ஒரு காரையும் அன்று. பேரன் அதே கல்லை எடுத்துச் சிமெண்டு பூசி, நீர்வழியை அடைத்து, செங்குத்தாக 12 அடிக்கு உயர்த்தி, மேலே கான்கிரீட் போட்டுவிட்டு, தாத்தாவின் பெயரைச் சொல்கிறான். தாத்தாவிடமிருந்து அவன் எடுத்துக்கொண்டது கல் ஒன்றுதான். மேலும், தாத்தா காலத்துச் சுவர்களில் விழுந்துபோனவை இன்று நம் கண்ணுக்குத் தெரிவதற்கில்லை. நின்றவற்றை மாத்திரமே எண்ணிக்கொண்டு எல்லாம் நின்றன என்று முடிவு செய்வது, சுடுகாட்டுப் பக்கம் போகாமல் ஊரிலே யாரும் சாவதில்லை என்று சாதிப்பது போன்றது.

படித்தவர்கள் கொண்டுவரும் வாதம் வேறு தினுசு. அமெரிக்காவிலே 4 அடிக்கு உட்பட்ட தடுப்புச்சுவருக்கு அனுமதியே தேவையில்லையாம். சுதந்திர நாடு பாருங்கள் என்கிறார்கள். அங்கே பல மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட விதித்தொகுப்பிலே அப்படியொரு விலக்கு இருப்பது மெய்தான். ஆனால் விதியை முழுவதும் வாசித்தவர் மிகச் சிலர். அந்த 4 அடி, கண்ணுக்குத் தெரியும் தரைமட்டத்திலிருந்து அளப்பது அன்று. பூமிக்குள் புதைந்திருக்கும் அஸ்திவாரத்தின் அடிமட்டத்திலிருந்து சுவரின் தலைவரைக்கும் அளப்பது. ஒன்றரை அடி அஸ்திவாரம் போனால் வெளியிலே மிஞ்சுவது இரண்டரை அடி. அதோடு, சுவருக்குப் பின்னாலுள்ள நிலத்தின்மேல் வேறு சுமை எதுவும் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதே வாக்கியத்திலேயே இருக்கிறது. மேலே வீடோ கார் நிறுத்துமிடமோ வந்துவிட்டால் விலக்கு பறிபோகிறது. புத்திசாலித்தனமாக 4 அடிச் சுவர் ஒன்றின்மேல் கொஞ்சம் தள்ளி இன்னொரு 4 அடிச் சுவர் கட்டிவிட்டால் தப்பித்துவிடலாம் என்றால், மேற்சுவரே கீழ்ச்சுவரின்மேல் ஏறிய சுமையாகிவிடுகிறது. அனுமதி தேவைப்படும் உயரத்துக்கு வந்துவிட்டாலோ, வழுக்குவதற்கும் கவிழ்வதற்கும் எதிராக ஒன்றரை மடங்குக் காப்பு இருக்க வேண்டும் என்று கணக்குக் கேட்கிறார்கள். மேலே வீடும் கீழே வீடுமாக அடுக்கடுக்காய் அமைந்த நமது மலையூர்களில், அந்த அமெரிக்க விலக்குக்குத் தகுதியுள்ள சுவரைத் தேடிப் பிடிப்பதற்கே ஒரு நாள் ஆகும். பூச்செடிப் பாத்திக்கு ஓரம் கட்டுகிறவரை யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்பதே என் கட்சியும்.

தேசம் தாண்டி உதாரணம் தேடுவதென்றால் நான் ஹாங்காங்கைச் சொல்வேன். நம்மைப் போல மழையும் சரிவும் நெருக்கமும் உள்ள இடம் அது. 1972 ஜூன் மாதத்து மழையிலே ஒரே நாளில் இரண்டு பெரும் சரிவுகளில் நூற்றுக்கு மேற்பட்டோரை இழந்து, 1976இலே மறுபடியும் இழந்து, 1977இலே சரிவுகளையும் தடுப்புச்சுவர்களையும் கண்காணிப்பதற்கென்றே ஓர் அரசாங்க அலுவலகத்தை ஏற்படுத்தினார்கள். அப்படியும் 1994இலே குவுன் லுங் லாவ் குடியிருப்பின் அருகே ஒரு பழைய கல்சுவர் இடிந்து 5 பேர் இறந்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்ததைவிட அந்தச் சுவர் மெலிந்தது என்பதும், புதைந்திருந்த வடிகால்கள் கசிந்து பின்னாலிருந்த மண்ணை ஊறவைத்திருந்தன என்பதும் வெளிவந்தன. வெளியிலிருந்து பார்த்துச் சுவரின் கனத்தை யாரும் சொல்ல முடியாது. கட்டும்போதே அளந்து எழுதி வைத்தால்தான் ஐம்பது வருஷம் கழித்து வருகிறவனுக்குத் தெரியும். அனுமதியின் பயனிலே பாதி அந்தக் காகிதம். எந்தச் சுவருக்கும் பிறப்புச் சான்று போன்றது அது.

இனி லஞ்சத்தைப் பற்றிய ஆட்சேபம். இதை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். மலைப்பகுதியிலே ஒரு வீட்டுக்கு உத்தரவு வாங்க வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிமத் துறை என்று வாசல் வாசலாக ஏறி, தடையின்மைக் கடிதம் சேர்த்து, ஒவ்வொரு மேசையிலும் காகிதம் நகர்வதற்கு எது வேண்டுமோ அதைக் கொடுத்து அலுத்துப்போன மனிதனிடம், இன்னும் ஒரு காகிதம் வாங்கு என்று சொல்லும்போது அவன் சீறுவது இயற்கை. நானும் அலைந்திருக்கிறேன். ஆனால் இந்த ஆட்சேபம் அலுவலகத்தைத் திருத்த வேண்டும் என்பதற்கு நியாயமாகிறதே அன்றி, சுவரைப் பாராமல் விட வேண்டும் என்பதற்கு ஆகாது. ரேஷன் கடையிலே எடை குறைகிறது என்பதற்காக யாரும் தராசைத் தூக்கி எறியச் சொல்வதில்லை. உண்மையில் எனக்குக் கோபம் வருவது வேறொரு விஷயத்தில். கட்டடத்தின் உயரம் மலைப்பகுதி விதிகள் சொல்லும் 7 மீட்டரைத் தாண்டுகிறதா என்று நாடா வைத்து அளக்கிறார்கள்; பட்டாவைப் பார்க்கிறார்கள்; வரி ரசீதைப் பார்க்கிறார்கள். அந்தக் கட்டடம் நிற்கிற மண்ணைத் தாங்கும் சுவரை மாத்திரம் யாரும் பார்ப்பதில்லை. மலைப் பிரதேசங்களுக்கான தடுப்புச்சுவர் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1997, 1998 வருஷங்களிலேயே பகுதி பகுதியாக வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. வெறுங்கல் அடுக்குவதற்குக்கூட அதிலே தனிப்பகுதி இருக்கிறது. வீடு கட்டுகிறவர்களில் அதைக் கண்ணால் கண்டவர் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. எங்கள் மாவட்டத்தில் மழைக்காலம் வந்தால் 283 இடங்கள் அபாயகரமானவை என்று ஒவ்வொரு வருஷமும் செய்தி வருகிறது. அந்த எண்ணுக்குள் என் முற்றமும் அந்த அம்மாளின் அடுப்படியும் அடங்காது.

ஏழையால் பொறியாளருக்குப் பணம் கொடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி; ஆனால் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள் அல்லர், ஏழையின் தலைக்கு மேலே முற்றம் கட்டுகிறவர்கள். நெடுஞ்சாலைத் துறை தன் சுவர்களுக்கு மாதிரிப் படங்கள் வைத்துக்கொண்டிருக்கிறது. 5 அடிக்கு இது, 7 அடிக்கு இது, அடியகலம் இவ்வளவு, பின்னால் ஜல்லி இவ்வளவு என்று அதேபோல நகராட்சி ஒரு தாளில் அச்சிட்டு எட்டணாவுக்கு விற்கலாம் என்று சொல்ல ஆசை. எட்டணா போய்விட்ட காலம், ஆகையால் இலவசமாகவே கொடுக்கட்டும். அந்தப் படத்தின்படி கட்டுகிறவருக்கு ஒரு வாரத்துக்குள் உத்தரவு. அதற்கு மேல் உயர்த்துகிறவர் மாத்திரம் கணக்குக் காட்டட்டும். அஸ்திவாரம் தோண்டியபின் ஒரு தடவையும், மண் நிரப்புவதற்கு முன்னே ஒரு தடவையும் யாராவது வந்து பார்க்கட்டும். மூடினபின் வந்து பார்ப்பதிலே பயனில்லை. விண்ணப்பத்தின் கடைசியில், சுவருக்குக் கீழே வசிக்கிறவர் இந்தப் படத்தைப் பார்த்தார் என்பதற்கு ஒரு கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்து தடை செய்யும் அதிகாரமாக இருக்க வேண்டியதில்லை. அவருக்குத் தெரியப்படுத்தினோம் என்பதற்கு அத்தாட்சியாக இருந்தால் போதும்.

என் சுவரை முழுவதும் இடிக்க வேண்டியிருக்கவில்லை. பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, முற்றத்து மண்ணில் மேற்பாதியை வாரியெடுத்துப் பாரத்தைக் குறைத்தார்; வயிறு தள்ளிய பாகத்தைப் பிரித்து, பின்னால் ஜல்லி நிரப்பி மறுபடியும் கட்ட வைத்தார். நான் அடைத்திருந்த பதினோரு துளைகளையும் உளியால் திறந்தபோது, முதல் துளையிலிருந்து காப்பிக்கொட்டைச் சாயம்போல நீர் பீறிட்டு, அடியிலே நின்ற சித்தாளின் சேலையை நனைத்துவிட்டது. இரண்டு நாள் விடாமல் வடிந்தது. செலவு, அன்று ஒழுங்காகக் கட்டியிருந்தால் ஆகியிருக்கக் கூடியதைப்போல மூன்று பங்கு. கீழ்வீட்டு அம்மாள் அந்த இரண்டு நாளும் வேலைக்குப் போகாமல் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது மழை ஆரம்பித்தால் அவர் காலையிலே எழுந்து முதலில் துளைகளைத்தான் எண்ணுகிறார். தெளிந்த நீர் வந்தால் பேசாமல் போய்விடுவார். செம்மண் கலங்கி வந்தாலோ, வரவேண்டியது வராமல் நின்றாலோ, கீழேயிருந்தே குரல் கொடுப்பார். இன்று விடிந்ததும், "சார், இடப்பக்கத்திலேயிருந்து நாலாவது ஓட்டை காஞ்சு கெடக்குது" என்றார். தவளையோ இலைச்சருகோ அடைத்திருக்கும். கம்பி ஒன்று எடுத்துக்கொண்டு இறங்கிப் போக வேண்டும்.